காட்டுக்கு அந்தப் பக்கம் மகள்

என் மாமனார் பஸ் டிரைவர். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவே ஒரு காடு. அந்தக் காட்டுக்குள் குறுக்காகப் போகிற ஒரே ரோட்டில்தான் அவருடைய உத்தியோக காலம் முழுவதும் ஓடியது. ஊரில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். காட்டுக்குள் நுழைந்துவிட்டால் ஹாரனைத் தொடவே மாட்டார் என்பதால் வந்த பெயர் அது. வளைவு வந்தால் வண்டியை மெதுவாக்கி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எதிரே ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். ரோட்டில் மான் நின்றால் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணே, அது இங்கயே குட்டி போட்டு, பேரும் வச்சுட்டுத்தான் நகரும்போல. ஒரு ஹாரன் அடிங்களேன்" என்று பின்னாலிருந்து கண்டக்டர் கத்துவார்.

"அது அதோட வீட்டுல நிக்குது. நாமதான் நடுவீட்டுல வண்டி ஓட்டறோம். சும்மா இரு."

அந்த பஸ்ஸில்தான் நான் கல்லூரிக்குப் போய்வந்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் இரட்டை இருக்கையில் சில நாட்களில் அவருடைய மகள் உட்கார்ந்திருப்பாள். நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு நடந்ததைக் கண்டக்டர் ஊரெல்லாம் ஒரே வரியில் சொல்லித் திரிந்தார்: "இந்தத் தம்பி சீட்டுப் பிடிக்க ஏறினான், பொண்ணையே பிடிச்சுட்டுப் போயிட்டான்."

மாமாவின் மனைவி, மகள் சிறியவளாக இருந்தபோதே இறந்துவிட்டார். ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் மாமா தனியாகவே மகளை வளர்த்தார். காலையில் தன் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு, அதே சூட்டோடு அவளுடைய பள்ளி உடைக்கும் போடுவார். தலை பின்னிவிடுவார். "ஸ்டீயரிங்குக்குக் கயிறு சுத்தற மாதிரி சுத்துவார். சாயங்காலம் வரைக்கும் புருவம் மேலே தூக்கிட்டே நிக்கும். டீச்சர் எதுக்கு எப்பப் பாத்தாலும் ஆச்சரியப்படறேன்னு கேப்பாங்க" என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அப்படி வளர்த்த ஒரே பெண்ணைக் காட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுக்கிறாரே என்று அவருடைய சொந்தக்காரர்களுக்கு வருத்தம். மாமா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "தினமும் நான் போற வழியில இருக்கா. இதைவிடப் பக்கம் எங்க இருக்கு?" என்றார். அது உண்மைதான். எங்கள் வீடு பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில். மாலைக் கடைசி நடைக்கு வரும் பஸ் எங்கள் ஊரில் சற்று நேரம் நிற்கும். அவள் டியூட்டி முடிந்து வந்திருந்தால் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவர் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார், அவள் ஜன்னலுக்குக் கீழே நிற்பாள். பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டே அன்றைக்கு எந்த வளைவில் என்ன நின்றது என்று சொல்வார். அவள் வார்டில் யார் திட்டினார்கள் என்று சொல்வாள். கண்டக்டர் விசில் ஊதுவார். தினமும் இவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காகவே அவள் டியூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அவர் நகர மன்றத்துக்குப் போனது கண்டக்டர் செய்த வேலை. "வார்டு முழுக்க உங்க பாசஞ்சர். நின்னா ஜெயிப்பீங்க, நிக்காம போனாலும் உங்களுக்குத்தான் போடுவாங்க" என்று ஏற்றிவிட்டார். ஜெயித்தார்.

அந்த மன்றத்துக்கு என்று சில பழக்கங்கள் இருந்தன. தீர்மானத்துக்குக் கை தூக்கி எண்ணுவது கிடையாது. தலைவர் படித்து முடித்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். எல்லாமே ஏகமனதுதான். ஆட்சேபம் உள்ளவர்கள் தங்கள் நிபந்தனையை வாயால் சொல்லிவிட்டுத் தட்டுவார்கள். அந்த நிபந்தனையைத் தீர்மானத்தில் எழுதமாட்டார்கள், ஆனால் மீறவும் மாட்டார்கள். சந்தையை இடம் மாற்றியபோது, சுவர் ஓரத்தில் செருப்புத் தைக்கிறவர் தானாக எழுந்து போகிறவரை அவரை யாரும் எழுப்பக்கூடாது என்று ஒருவர் வாயால்தான் சொன்னார். சந்தை போய்ப் பல வருடங்களுக்குப் பிறகும் அவர் அங்கேதான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு பழக்கம், எதை யார் அதிகம் எதிர்க்கிறாரோ அந்த வேலையை அவர் தலையிலேயே கட்டிவிடுவது. இந்த இரண்டையும் பற்றி மாமாவுக்கு அவ்வளவு பெருமை. "எங்க மன்றத்துல வாய்ச்சொல்தான் முத்திரை" என்பார்.

காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, முதலில் சந்தோஷப்பட்டவர் மாமா. இரவில் அந்த ரோட்டில் மர லாரிகள் கண்மூடித்தனமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் காலை முதல் நடையில் வந்தவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். ஒரு மானும் குட்டியும் லாரியில் அடிபட்டுக் கிடந்திருக்கின்றன. இரண்டையும் ரோட்டோரம் இழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். "தண்ணி ஊத்து பாப்பா" என்றார் மகளிடம். அவள் சொம்பில் ஊற்ற ஊற்றக் கழுவிக்கொண்டே இருந்தார். "இந்தக் கையோட ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியல, மாப்பிள்ளை" என்றார் என்னிடம்.

பூங்கா வந்தால் லாரி நிற்கும். பஸ் ஓடும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

பூங்காவுக்கு உள்ளூர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று வன அதிகாரி ஒருவர் மன்றத்துக்கு வந்தார். "வந்து உக்காந்து கேளுங்க மாப்பிள்ளை, இன்னிக்கு நான் பேசப்போறேன்" என்று மாமா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். நீள மேசை, அதன் மேல் விரிசல் விட்ட கண்ணாடி, வேகமாகச் சுற்றினால் காகிதங்களைப் பறக்கவிடும் மின்விசிறி, பொதுமக்களுக்குச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். மன்றத் தலைவர் பல் டாக்டர். வலி தெரியாமல் பிடுங்குகிறவர் என்று ஊரில் இரண்டு தொழிலுக்கும் சேர்த்துச் சொல்வார்கள்.

அதிகாரி இளைஞர். நல்ல மாதிரி. வரைபடத்தை விரித்து ஒவ்வொன்றாக விளக்கினார். விடுதி வைத்திருக்கும் உறுப்பினர் சுற்றுலாப் பயணிகள் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். இன்னொருவர் ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். பூங்காவை யார் நிர்வகிப்பது என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. ஒரு குழு இருக்கும், அதில் மன்றத்துக்கு இரண்டு இடம் தரப்படும் என்றார் அதிகாரி. அந்த இரண்டு நாற்காலியில் யார் உட்காருவது என்பதிலேயே கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் போயிற்று. நாற்காலியில் உட்காருகிறவருக்கு என்ன அதிகாரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரோட்டைப் பற்றி முதலில் கேட்டது பேக்கரி அம்மா. கடைத்தெருவில் பேக்கரி நடத்துகிறவர், விதவை, மாமாவுக்கு ஏறக்குறைய அதே வயது. மன்றத்தில் அவர் வாயைத் திறந்தால் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

"டாக்டர், பஸ் ரோடு எப்பவும் போல திறந்திருக்கும்னு தீர்மானத்துல ஒரு வரி சேருங்க."

அதிகாரி சற்றுச் சங்கடப்பட்டார். "நிபந்தனையோட தீர்மானம் வந்தா மேலே அனுப்பி சட்டக் கருத்து கேக்கணும்மா. அது சுத்தி வர நாளாகும். ரோடு விஷயத்தைக் குழுவில பாத்துக்கலாமே. உங்க ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்களே."

"நாளாகும்னா எத்தனை நாள்?"

"சொல்ல முடியாதும்மா. அதுவரைக்கும் லாரி ஓடத்தான் செய்யும்."

இங்கேதான் மாமா எழுந்தார். பஸ்ஸில் அடிக்காத ஹாரனை எல்லாம் மன்றத்தில் வந்து அடிக்கிறார் என்று அவரைக் கேலி செய்வார்கள். அன்றும் குரல் அப்படித்தான் எழுந்தது.

"எழுத வேண்டாம் டாக்டர். இந்த மன்றத்துல என்னிக்காவது நிபந்தனையை எழுதியிருக்கோமா? ரோடு திறந்திருக்கணும். இதோ, நான் வாயால சொல்லிட்டேன். சாரும் கேட்டுட்டார். போதும்."

"அது நமக்குள்ள, டிரைவரே" என்றார் பேக்கரி அம்மா. "நாம நாளைக்கும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கணும், அதனால பேச்சு நிக்குது. இந்தத் தம்பி நாளைக்கு மாத்தலாகிப் போயிட்டா யார் மூஞ்சியில போய் முழிப்பீங்க?"

"வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட யாராவது பத்திரம் எழுதி வாங்குவாங்களா?"

"விருந்தாளியா இவரு? சம்பந்தி. சம்பந்தின்னா எல்லாத்தையும் முன்னாடியே பேசி எழுதிக்கணும்."

"நான் என் சம்பந்திகிட்ட ஒண்ணும் எழுதி வாங்கலை. அந்தா, சுவர் ஓரமா உக்காந்திருக்கார் என் மாப்பிள்ளை. கேட்டுப் பாருங்க."

மொத்த மன்றமும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. பேக்கரி அம்மா சிரிக்கவில்லை.

"உங்க பொண்ணு அந்தப் பக்கம்தானே இருக்கு, டிரைவரே. எனக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

மாமா அப்போது சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "நேத்துச் சுட்ட ரொட்டியை இன்னிக்குச் சுட்டதுன்னு விக்கிறவங்களுக்கு, அடுத்தவன் பேச்சு எல்லாம் பழசாத்தான் தெரியும்" என்றார்.

மன்றம் வெடித்துச் சிரித்தது. எழுத்தர்கூடச் சிரித்தார். அந்த அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் தீர்மானத்தைப் படித்தார்: மன்றம் பூங்காவை ஏகமனதாக ஆதரிக்கிறது. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கடைசியாகப் பேக்கரி அம்மாவும் ஒரு விரலால் தட்டினார். குழுவின் இரண்டு இடங்களையும் பழக்கப்படியே பிரித்தார்கள். ஒன்று ஆதரித்துப் பேசிய மாமாவுக்கு. இன்னொன்று எதிர்த்துப் பேசிய பேக்கரி அம்மாவுக்கு.

முதல் வருடம் மாமா சொன்னபடிதான் நடந்தது. லாரிகள் நின்றன. பஸ் ஓடியது. அந்த அதிகாரியே சில நாள் பஸ்ஸில் வருவார். மாமா அவரை முன் சீட்டில் உட்காரவைத்து, எந்தப் பாறைக்குப் பின்னால் மான் கூட்டம் படுத்திருக்கும் என்று காட்டிக்கொண்டே ஓட்டுவார். எங்கள் ஊருக்கு வந்ததும் பிளாஸ்க் டீயில் அவருக்கும் ஒரு மூடி. "பாத்தியா பாப்பா, எழுதாமயே எல்லாம் நடக்குது" என்பார் மகளிடம்.

பிறகு அந்த அதிகாரிக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவருக்கு இங்கே யார் என்ன வாயால் சொன்னார்கள் என்று தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய்தார். முதலில், இருட்டிய பிறகு வண்டி போகக்கூடாது என்று உத்தரவு. மாலைக் கடைசி நடை நின்றது. அன்று அவள் பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. மறுநாளும் அது அப்படியேதான் இருந்தது. பிறகு பகல் நடைகளும் நின்றன. காட்டின் இரண்டு வாய்களிலும் கேட் போட்டார்கள். பூங்கா ஜீப் மட்டும் போகும், வரும்.

மாமாவை நகருக்குள் ஓடும் பஸ்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே ஹாரன் அடிக்காமல் ஓட்ட முடியாது. கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு அந்தக் கேட்டிலேயே காவலாளியாகச் சேர்ந்தார். "பழக்கதோஷம் அண்ணே, ஜீப் வந்தா ரைட் ரைட்டுன்னு வாயில வந்துடுது" என்று மாமாவிடம் சொல்வார். மான்கள் இப்போது கேட் வரைக்கும் வந்து நிற்பதாகவும் சொல்வார். மாமா அதை ஆசையாகக் கேட்பார். பூங்கா வந்தது தப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் ஊருக்கு வர இப்போது காட்டைச் சுற்ற வேண்டும். மூன்று பஸ் மாறி, ஒரு பகல் முழுக்கப் பயணம். என் மனைவிக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. போனால் அன்றே திரும்ப முடியாது. விடுப்பு சேர்த்துவைத்து எப்போதாவது போவாள். அவரும் எப்போதாவது வருவார். வந்தால் கால் வீங்கியிருக்கும். "பாசஞ்சரா உக்காந்து வர்றது எவ்வளவு கஷ்டம்னு இப்பத்தான் தெரியுது" என்று சிரிப்பார்.

குழுக் கூட்டம் என்றால் மட்டும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார். அந்த நாற்காலிக்குப் பேசும் உரிமை உண்டு, ஓட்டு இல்லை என்பது முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து ரோட்டைப் பற்றிப் பேசுவார். எதிரில் பேக்கரி அம்மா உட்கார்ந்திருப்பார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. 'உறுப்பினர் சாலை குறித்துக் கருத்துத் தெரிவித்தார்' என்று குறிப்பில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள்.

ஒரு கூட்டம் முடிந்த பிறகு புதிய அதிகாரி மாமாவைத் தனியாக அழைத்திருக்கிறார். குழு உறுப்பினர் என்ற முறையில் அவருக்கு ஒரு பாஸ் தர விதியில் இடம் இருக்கிறது, மாதம் ஒருமுறை பூங்கா ஜீப்பில் அந்தப் பக்கம் போய்வரலாம், மகளைப் பார்க்கலாம் என்றார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். "ஊரே சுத்திப் போகும்போது நான் மட்டும் குறுக்கால போறதா? திறந்தா எல்லாருக்கும் திறங்க" என்று சொன்னதாகக் கண்டக்டர் எங்களுக்குப் போனில் சொன்னார். அவர் குரலில் பெருமை. ஊரும் பெருமையாகப் பேசியது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

என் மனைவிக்கு இல்லை. எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்த சமயம் அது. மூன்று பஸ் மாறி வந்த தாத்தா, குழந்தையைக் கையில் வாங்கியதும் தூக்கத்தில் தலை சாய்ந்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு அவள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பாஸை வாங்கியிருந்தா என்னப்பா குறைஞ்சு போயிருக்கும்?"

"ஊர்ல என்ன பேசுவாங்க பாப்பா?"

"ஊர் வந்து என் பிள்ளையைத் தூக்குதா? ஊருக்கா நான் பொண்ணு?"

"ரோடு திறக்கும்மா. அடுத்த கூட்டத்துல விடமாட்டேன்."

"அப்ப இங்கயே வந்துடுங்க. எங்ககூட இருங்க."

"நான் அங்க வந்துட்டா இங்க நாற்காலி காலியாகிடும். அப்புறம் ரோட்டைப் பத்திக் கேக்க யார் இருக்கா?"

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "கோவமா இருக்காளா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். "அவங்க அம்மா மாதிரி" என்றார். அதற்குப் பிறகு இருவரும் பேசாமல் இல்லை. வாரம் தவறாமல் பேசினார்கள். சாப்பாடு, மருந்து, குழந்தையின் பல், மழை எல்லாம் பேசுவார்கள். பாஸைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். ஓய்வு பெற்றார், முழங்கால் தேய்ந்தது, வருவது நின்றது. கூட்டத்துக்கு மட்டும் நொண்டிக்கொண்டே போய்வந்தார்.

சென்ற மாதம், சைக்கிள் கடைக்காரர் போன் செய்தார். மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாராம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்பினோம். மூன்று பஸ். இரண்டாவது பஸ் ஒரு இடத்தில் காட்டின் ஓரமாகவே போகிறது. என் மனைவி அந்தப் பக்கம் பார்க்காமல் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நினைவோடு இருந்தார். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அவள் நர்ஸ் அல்லவா, வந்ததும் அழவில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். டிரிப்ஸ் வேகமாக இறங்குகிறது என்று வார்டு நர்ஸிடம் சண்டை போட்டாள். தலையணையைத் தூக்கி வைத்தாள். மாமா என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். "பாத்தீங்களா, எனக்கு மேல ஹாரன்."

அடுத்த சில நாட்கள் அவருக்கு ஏற்றமும் இறக்கமுமாகப் போயின. ஒரு பிற்பகல் நன்றாக இருந்தார். ரொட்டியைப் பாலில் நனைத்து அவள் ஊட்டினாள், சாப்பிட்டார். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வெயில் கட்டில் கால்வரை வந்திருந்தது. அவள் அவருடைய கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்திய இடம் குழிந்தே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, தலை தூக்காமல் கேட்டாள்.

"அந்தப் பாஸை ஏன்பா வாங்கல?"

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "இருங்க மாப்பிள்ளை" என்றார்.

"வாங்கியிருக்கணும்மா."

"ஊருக்காகன்னு சொன்னீங்க."

"அப்படித்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் மாதிரி ஆயிடுச்சு." மூச்சு வாங்கினார். அவள் முதுகைத் தடவினாள். "அந்தப் பேக்கரி அம்மா எதிர்ல உக்காந்திருக்கும், பாப்பா. ஒவ்வொரு கூட்டத்துலயும். எழுதச் சொல்லிச்சு, நான் ரொட்டின்னு சொல்லி ஊரைச் சிரிக்க வச்சேன். அந்தம்மா சொன்னபடியே ஆச்சு. ஒரு நாள்கூட என்னைப் பாத்துச் சிரிக்கல. நான் அந்தப் பாஸை வாங்கியிருந்தா சிரிச்சிருக்கும். எழுதவிடாம கெடுத்தவன், தனக்கு மட்டும் வழி பண்ணிக்கிட்டான்னு. அந்தச் சிரிப்பை நினைச்சுப் பயந்துட்டேன். அவ்வளவுதான்."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

அவள் அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாதத்திலிருந்து மேல்நோக்கித் தடவிவிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் தூங்கிப்போனார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் அதைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் போய்விட்டார்.

ஊர் முழுக்க வந்தது. பல் டாக்டர் வந்து வெகுநேரம் நின்றார். மன்றத்தில் இரங்கல் தீர்மானம் போட்டதாகவும் எல்லோரும் தட்டியதாகவும் சொன்னார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நாங்கள் அந்த இரண்டு அறைகளையும் காலி செய்துகொண்டிருந்தபோது, மாடிப்படியில் மெதுவாக ஏறிவருகிற சத்தம் கேட்டது. பேக்கரி அம்மா. கையில் துணிப்பை. அதிலிருந்து ரொட்டிப் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார். "காலையில சுட்டது" என்றார். அதைச் சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

நாற்காலி எல்லாம் சாமான்களால் நிறைந்திருந்ததால் கட்டிலில் உட்கார்ந்தார். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள்.

"உங்கப்பா சரியான பிடிவாதக்காரரு, கண்ணு."

"ஆமாம்மா."

"அந்தப் பாஸ் நான் கேட்டதுதான். அந்த அதிகாரிகிட்ட போய், சார், அந்த மனுஷனுக்குப் பொண்ணு அந்தப் பக்கம் இருக்கு, விதியில ஏதாவது வழியிருந்தா பண்ணிக் குடுங்கன்னு சொன்னேன். அவரும் தேடி எடுத்துக் குடுத்தார். உங்கப்பா வேண்டாம்னுட்டாரு. நான் கேட்டதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க, அந்தக் கோவத்துலதான் வேண்டாம்னாரோன்னு எனக்கு ஒரு எண்ணம். வேற யாரையாவது விட்டுக் கேக்க வச்சிருக்கணும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடித்தேன்.

"அப்பாவுக்கு அது தெரியாதும்மா" என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமா. அப்பாவுக்கு யாரும் சொல்லல."

"அப்ப ஊருக்காகத்தான் வேண்டாம்னாரா?"

"ஆமாம்."

அந்த அம்மா தலையாட்டினார். "என்னைப் பத்தி எப்பவாவது ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"நீங்க எழுதச் சொன்னீங்களாம். உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்னு சொன்னார்."

மாமா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடியவர்தான்.

"அதை என் கடைக்கு வந்து சொல்லியிருந்தா டீ குடுக்காமலா அனுப்பியிருப்பேன்?" என்றார் அந்த அம்மா. "இத்தனை வருஷம் என் கடை வாசலை மிதிக்கக்கூடாதுன்னு அந்த நொண்டிக் காலோட பின்தெருவைச் சுத்திக் கூட்டத்துக்கு வருவாரு. நான் உள்ளே இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் வீம்பு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

என் மனைவி அவரைக் கைப்பிடித்துப் படி இறக்கிவிட்டு வந்தாள். வந்தவள் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"அவங்ககிட்ட நிஜத்தைச் சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்."

"அவங்க இருக்கட்டும். நான்?"

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுடைய அப்பாவின் சட்டைகள் எங்கள் இருவருக்கும் நடுவே அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். வழியனுப்பக் கண்டக்டர் வந்திருந்தார். இனி குழுவில் மாமா இடத்துக்கு யார் என்று மன்றத்தில் பேச்சு நடக்கிறதாம், யாரும் முன்வரவில்லையாம். கேட்டை வேண்டுமானால் ஒரு தடவை திறந்துவிடுகிறேன், ஜீப் டிரைவர் நம்ம பையன்தான், போகிறீர்களா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். என் மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். முதல் பஸ்ஸில் உட்கார்ந்துதான் வந்தோம். இரண்டாவதில் இடம் கிடைக்கவில்லை; காட்டோரம் முழுக்க நின்றுகொண்டே வந்தோம்.